ராட்சசன் கதையின் கடைசிப் பாகம்

அட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ராட்சசன் செத்தானா இல்லையான்னு தெரியாம நான் எப்படிக்கா ஒரேயடியா இந்தியாவுக்குக் கப்பலேறுறது?” என்றாள் இளையவள்.

மூத்தவள் பையிலிருந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“கடைசிப் பாகம். இன்னிக்குத்தான் டவுன்ல கெடச்சிச்சு. நீ கொண்டு போ.”

“நீங்க படிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“மொதல்ல இருந்து ரெண்டு பேரும் சேந்துதானே படிச்சோம்? முப்பது வயசுல சின்னப்புள்ளைங்க புத்தகமான்னு லயத்து வீடுங்க அத்தனையும் சிரிச்சிச்சே. இப்ப முடிவு தெரியாம இருந்துருவீங்களா?”

“அங்க போயிப் படிச்சிட்டு எனக்கு எழுது. ஒரே கடுதாசியில எல்லாத்தையும் சொல்லிறாத புள்ள. ஒரு கடுதாசிக்குப் புத்தகத்துல ஒரு பக்கம் போதும்.”