கைக்கு எட்டுற ஆள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் ஐம்பத்தைந்து இருக்கைகளுக்கு எண்பத்தொரு பேர். என் இருக்கையை ஒட்டி இரண்டு வாலிபர்கள் நின்றிருந்தார்கள். ஒருவனுக்குத் திண்டிவனத்தில் கணினி நெட்வொர்க் வேலைக்கு நேர்காணல்.

“டேட்டாவ அடுத்து யாருகிட்ட அனுப்பணும்னு நாமளே ரவுட்டர்ல எழுதி வெச்சுட்டோம். அப்புறமும் அது ஏன் மச்சி மறுபடி மறுபடி தேடுது? இதத்தான் கேப்பாங்களாம். பேஜாரா கீது.”

“இப்ப கண்டக்டருக்குக் காசு போகணும். யார் வழியா?”

“முன்னாடி நிக்கிறாரே, அந்தப் பச்ச சட்டக்காரர் வழியா.”

“அவரு உன் கைக்கு எட்டுவாரா?”

“எட்ட மாட்டாரு.”

“அப்ப அவருக்கு யார் வழின்னு திரும்பத் தேடு.”

“கூடைக்கார அக்கா. அவங்க எட்டுவாங்க.”

“அவ்ளோதான். கைக்கு எட்டுற ஆள் கெடைக்கிற வரைக்கும் தேடும். குடு.”

நோட்டு கூடைக்காரப் பெண் வழியாகப் பச்சைச் சட்டைக்காரரிடம் போயிற்று.

“கண்டக்டரு பின்னாடி கீறாரும்மா. உன் வழியாதான் போகணும்” என்று அவர் திருப்பினார்.

“உங்க வழின்னுதாங்க எங்கிட்ட குடுத்தாங்க” என்று அவள் மறுபடி நீட்டினாள். இப்படி மூன்று முறை. எனக்கே வியர்த்துவிட்டது.

“மச்சி, ஒருத்தர ஒருத்தர் கைகாட்டினா?”

“அந்த வழி செல்லாது. ரவுட்டர் அத தன் வழிப் பட்டியல்ல சேத்துக்கவே சேத்துக்காது.”

“புரிஞ்சிடுச்சு! வேலை எனக்குத்தான்!”

அவன் முதுகில் ஒரு கை தட்டியது. நடத்துனர். “விக்கிரவாண்டிலேர்ந்து உன் பின்னாடியேதான் நின்னுக்கினு கீறேன் தம்பி. டிக்கெட்டுக்குக் காசு?”

“பச்ச சட்டக்காரர்கிட்ட கீதுங்க.”

“சரி, அவருக்கு யார் வழி?” என்றார் நடத்துனர்.