கதிருக்கு இடது பக்கம் மட்டுமே திரும்பத் தெரியும்

என் பெயர் தாமரைச்செல்வி, வயது 36, கணவர் பெயர் கதிர், சொந்த ஊர் தாராபுரம், தற்போது அமெரிக்காவில் குபெர்டினோ ஊரில் அபார்ட்மெண்டில் குடியிருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இப்போது பதற்றத்தில் ஒரு வார்த்தையும் வராததால், போனில் உள்ள மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழில் சொல்கிறேன்.

இன்று சனிக்கிழமை காலை நானும் என் கணவரும் அவருடைய ஆபீஸ் நண்பர் மகாதேவனும் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு விளையாட தாஹோ மலைக்கு வந்தோம். எனக்குப் பனியில் நிற்கவே பயம் என்பதால் கீழே கஃபேயில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு இருவரும் லிஃப்டில் மேலே போனார்கள். அதன் பிறகு ஒன்று பத்துக்கு மகாதேவன் மட்டும் இறங்கி வந்தார். "நீ முன்னாடி போடா, நான் ரைட்ல அந்த ஸ்டீப் ரன் எடுத்துட்டு வர்றேன்" என்று என் கணவர் சொன்னதாகச் சொன்னார். அதன் பிறகு இரண்டு மணி வரை என் கணவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மீட்புக் குழுவினர் வந்து விசாரித்தபோது, மகாதேவன், "கதிர் செம ரைடர், ரைட்லதான் இருப்பான்" என்றார். அவர்கள் வலது பக்கம் தேடப் போனார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

என் கணவருக்கு வலது பக்கம் திரும்பவே தெரியாது. குதிகாலை அழுத்தி இடது பக்கம் மட்டும் திரும்புவார். வலது பக்கம் திரும்புவதற்கு முன்காலில் எடையைப் போட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து, கால்விரல்களை அழுத்த வேண்டும். இதை எங்கள் ஹால் கார்ப்பெட்டில் நின்று மகாதேவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கார்ப்பெட்டில் அருமையாகத்தான் செய்தார். மலையில், திரும்பும்போது பலகை நேராகக் கீழே பார்க்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் பயந்துபோய்த் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். போன வருடம் நாங்கள் இருவர் மட்டும் வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். "மகாகிட்ட சொல்லிடாத செல்வி, மானம் போயிடும்" என்றார்.

அதற்காக நான் மூன்று நாற்பது வரை பேசாமல் இருந்தேன். பனி கொட்ட ஆரம்பித்தது. வேர்க்கிறது என்று அவர் கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டர் என் மடியிலேயே கிடந்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல் மீட்புக் குழு அலுவலகத்தில் இருந்த தங்களிடம் ஓடி வந்தேன். இந்த வாக்குமூலத்தை எழுதுவதற்கு முன்னால் இடது பக்கத்து மரங்களுக்குள் தேடச் சொல்லுங்கள் என்று கேட்டேன், தாங்களும் உடனே ரேடியோவில் சொன்னீர்கள். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, நான்கு இருபத்தைந்துக்கு, இடது பக்கத்து மரங்களுக்கு நடுவே இடுப்பளவு பனியில் அவர் உயிரோடு இருப்பதாக ரேடியோவில் தகவல் வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு, போட்டோ எடுப்பதற்காக வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் திரும்பியதாக என் கணவர் மீட்புக் குழுவிடம் கூறியிருப்பதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள்.

அவர் கூறியது பொய். நான் மேலே கூறியது அனைத்தும் உண்மை என்று, படிக்கக் கேட்டு, கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. தாமரைச்செல்வி