துண்டு இல்லாத மருந்து

தலைமன்னாரில் என் கடையில் மருந்து வாங்க டொக்டர் எழுதித் தரும் துண்டு தேவையில்லை. நாக்கை நீட்டிக் காட்டினால் போதும். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று துண்டு வாங்கி வருவதற்குள் காய்ச்சலுக்கே அலுத்துவிடும். சனம் என்னையே டொக்டர் என்று கூப்பிட்டது. நான் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனாலும் கூப்பிட்டால் தலை தானாக ஆடும்.

ஆவணியில் ஆஸ்பத்திரியிலிருந்து அன்ரோனெற் என்ற இளம் பெண் டொக்டர் வந்தார். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்க இறங்குகிறவர்கள் மூட்டு வலி, விறைப்பு என்று வந்தால் மாத்திரை கொடுக்காமல் உடனே அனுப்பச் சொன்னார். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டுமாம். வலியை மட்டும் அடக்கிவைத்தால் உயிரே போகலாமாம். எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் கடை நிறையச் சனம் நிற்க, அவர் என்னைக் "கடைக்காரர்" என்றார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அறுபது வயதில் சின்னப்பிள்ளைபோலக் கோபித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகுதான் பாயிஸ் வந்தான். அட்டைக்கு இறங்குகிறவன், இறங்குதுறைப் பக்கம் பியரடியில் குடியிருந்தவன். முழங்கை குத்துகிறது என்றான். மாத்திரை கொடுத்தேன். வலி போய்விட்டது; மறுநாளிலிருந்தே மறுபடி கடலில் இறங்கினான். வழியெல்லாம் என் கைராசியைப் புகழ்ந்தானாம். கேட்க இனிப்பாக இருந்தது.

அடுத்த கிழமை அவன் மனைவி நசீறா அவனை ஓட்டோவில் மன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போனாள். போகிற வழியில் என் கடையில் நிறுத்தச் சொன்னது அவன்தான்.

"இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியேல்ல, டொக்டர். இவ ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டுறா. நீங்கள் சொன்னால் போறன்."

அங்கே அந்த அன்ரோனெற் இருப்பார், மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"இதுக்கோ மன்னாருக்குப் போறீங்கள்? இந்த மாத்திரையைப் போட்டிட்டு வீட்டை போய்ப் படுங்கோ."

நசீறா தயங்கினாள். டொக்டரே சொல்லிவிட்டாரே என்று அவளை அவன் அடக்கினான். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மாத்திரையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களாம், வீண் அலைச்சல். அதில் ஒரு பிழையும் இல்லை. இனித் துண்டு இல்லாமல் எதையும் விற்கக் கூடாது என்றும் பேசிக்கொள்கிறார்கள். விற்றது குற்றமென்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் அவனைக் கொன்றது மருந்தல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவைத் தெரிந்தே திருப்பிவிட்டேன்.

கட்டிய மனைவியை விட, படித்த டொக்டரை விட, அவன் என்னைத்தானே நம்பினான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.