கெல்லன் ஃபெடோரக்கின் விலை

ஜூலை முதல் தேதி கனடாவுக்கே விடுமுறை. ஊரே ஏரிக்கரையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும். என்னைப் போன்ற ஐஸ் ஹாக்கி முகவர்கள் மட்டும் காதில் போனோடு திரிவோம். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எந்த அணியும் விலைபேசலாம் என்று கதவு திறக்கும் நாள் அது.

அந்த ஆண்டுச் சந்தையில் கெல்லன் ஃபெடோரக்கை மிஞ்ச ஆளில்லை. அவனுடைய முகவராக அவன் மதிப்பைக் கணித்துச் சொல்வது என் வேலை. கோல்கள், வயது, முழங்கால் எல்லாவற்றையும் பார்த்தேன். தலையையும் பார்த்தேன்.

வசந்தத்தில் நடந்த ஆட்டமொன்றில் அவன் தலை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதியது. 'மேலுடம்பில் காயம்' என்று அணி அறிவித்தது. எங்கள் விளையாட்டில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மருத்துவர் மட்டும் ஞாபகசக்திப் பரிசோதனை வைத்தார். கெல்லன் தேறினான். தேறாமல் என்ன? பருவத் தொடக்கத்தில் எல்லோருக்கும் வைக்கும் அதே பரிசோதனையில், வேண்டுமென்றே தப்பும் தவறுமாகப் பதில் சொல்லச் சொல்லியிருந்தேன். அடிபட்ட பிறகு வாங்கும் மதிப்பெண்ணை அதோடுதான் ஒப்பிடுவார்கள். இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல.

ஜூலை முதல் தேதி காலையில் அவனே அழைத்தான்.

"வெண்டல், ஏதோ பார்க்கிங்ல நிக்கிறேன். எதுக்கு வந்தேன்னே தெரியல. வீட்டுக்கு எப்படிப் போறதுன்னும் தெரியல."

"சுத்தி என்ன இருக்கு, பாரு."

"டோனட் கடை ஒண்ணு."

"இந்த ஊர்ல அது இல்லாத தெரு எதுடா?"

சிரித்தான். பிறகு சொன்னான்: "பயமா இருக்கு வெண்டல். ஆட்டத்தையே விட்டுடலாம்னு பாக்குறேன்."

"மொதல்ல கையெழுத்துப் போடு, அப்புறம் பயப்படலாம். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட வாயத் தொறக்காத."

ஆள் அனுப்பிக் கூட்டிவரச் செய்தேன். மதியமே கையெழுத்திட்டான். அவன் மகள் அப்போது கைக்குழந்தை. குடும்பத்துக்கு ஆகுமே என்று நினைத்தேன். என் பங்கைப் பற்றிப் பிறகுதான் நினைத்தேன்.

அக்டோபரில், முதல் ஆட்டத்திலேயே, ஒருவன் தோளால் இடித்தான். எல்லோரும் வாங்கும் இடிதான். கெல்லன் எழுந்திருக்கவில்லை. இப்போது அவன் மனைவி மாரென் கரண்டியால் ஊட்டுகிறாள். மகளைப் பார்த்தால் யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது போலப் புன்னகைக்கிறான். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா வெண்டல்?" என்று போன வாரம் அவள் கேட்டாள்.

தெரியும் என்றேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. பேட்டி எடுக்க வந்த உங்களிடமும் அதையே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்று விலைபேசிய அத்தனை அணிகளும் அவனைச் சரக்காகத்தான் பார்த்தன. மனிதனாக மதித்தவன் நான் ஒருவன்தான்.