பிச்சையம்மா வீட்டுக்கு வழி

சுருளி வேலப்பர் மேல சத்தியமாச் சொல்றேன் தம்பி, இந்த டீக்கடையில இருக்க அத்தனை பேரும் கேக்கட்டும், இனி நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யின்னா இந்த டீ என் தொண்டையை விட்டு எறங்காம நிக்கட்டும். பாத்தீகளா, எறங்கிருச்சு. இப்ப நம்புறீகளா? பிச்சையம்மா வீட்டுக்கு வழிதான கேட்டீக. சொல்றேன். வீடு எங்கயும் ஓடிறாது. பைக்கை அந்த நெழல்ல விட்டுட்டு இப்படி ஒக்காருங்க. டீ சொல்லட்டா? வேணாமா? எங்க சுருளிப்பட்டிக்கு வந்து டீ வேணாம்கிற ஆளை நாங்க ஒரு மாதிரியாத்தேன் பாப்போம். ஆங், அப்படிக் குடிங்க.

எந்தூரு? தேனியா. தேனியில எங்கன? அல்லிநகரமா. அங்கன எனக்கு ஆளு இருக்கு, விசாரிச்சிருவேன், ஆமா. அந்த அட்டையைக் குடுங்க. எழுத்து பொடிசாக் கெடக்கு, நீங்களே வாசிங்க. ஜஸ்டின். பஜார்ல பாத்திரக்கடை வச்சிருந்த குடும்பமா? அதை விட்டுட்டா இந்தத் தொழிலுக்கு வந்தீக? பாத்திரம்னா ஓட்டை இருக்கா இல்லையான்னு தண்ணி ஊத்திப் பாத்துக்கிறலாம். உங்க மியூச்சுவல் ஃபண்டுல எதை ஊத்திப் பாக்குறது?

தெரியும் தெரியும், டிவியில வருமே. நல்லாச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பாக. கடைசியில ஒருத்தன் நாய் வெரட்டுன மாதிரி மூச்சு விடாம எதையோ வாசிச்சுட்டு ஓடுவான். நல்ல சேதின்னா எதுக்குய்யா அந்த ஓட்டம்? நின்னு நெதானமாச் சொன்னா என்ன கொறைஞ்சா போகும்?

சரி, அந்தப் பொம்பளைகிட்டக் காசு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அதுவே சொல்லுச்சா? மகளிர் குழுக் கூட்டத்துல நீங்க பேசுனதைக் கேட்டுட்டு வந்து, ரெண்டு லட்சம் இருக்கு, எதுல போடலாம்னு கேட்டுச்சாக்கும். அது பொறந்த வீட்டுத் திராட்சைத் தோட்டத்தை வித்தப்ப அண்ணன்மாரு குடுத்த பங்கு தம்பி. அதுக்கு ஆயுசுல மொத்தமா வந்த காசு அது ஒண்ணுதேன். போச்சுன்னா இன்னொரு தடவை வராது. அதேன் இம்புட்டுக் கேள்வி. கோவிச்சுக்காதீக.

அந்தம்மாளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒருக்கா கம்பத்துல இருந்து ஒருத்தன் குக்கர் விக்க வந்தான். வெடிக்காது, கருகாதுன்னு அளந்தான். அப்படின்னா நீயே சமைச்சுக் காட்டுப்பான்னு அவனை அடுப்படிக்குள்ள விட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய ஒக்காந்துக்கிருச்சு. சோறு வச்சான், பருப்பு வச்சான், ஆட்டுக்கறி வச்சான். இன்னும் எனக்கு நம்பிக்கை வரலையேன்னுச்சு. விசில் சத்தம் கேட்டு மேல மலைக்காட்டுல இருந்து யானை எறங்கி வந்து, வேலியோரம் காதை ஆட்டிக்கிட்டே நின்னுச்சு. பொங்கலுக்கு வந்தவன் ஆடிக்குத்தேன் வெளிய வந்தான். குக்கர் விக்கலை. ஆனா நல்லாச் சமைக்கப் படிச்சுக்கிட்டான். இப்ப குமுளியில ஓட்டல் வச்சிருக்கான், போனா நம்ம பேரைச் சொல்லுங்க, மீன் கொழம்பு நல்லா இருக்கும்.

சிரிங்க. எங்க மேலத்தெரு சின்னச்சாமி கதையைக் கேட்டா சிரிக்க மாட்டீக. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னாருன்னு அவனும் ஃபண்டுல போட்டான். போன்ல ஒரு கோடு ஏறும், எறங்கும், நாள் பூராம் அதையே பாத்துக்கிட்டுத் திரிஞ்சான். கோடு ஏறுனா இவன் கழுத்தும் ஏறும். ஒரு வாரம் விடாம ஏறுச்சு பாருங்க, ஏணி இல்லாம தென்னையில எளநி பறிச்சான். அடுத்த வாரம் கோடு சரிஞ்சுச்சு. கழுத்து உள்ள போயி, தலை சட்டைக்குள்ள விழுந்திருச்சு. பொண்டாட்டி பொத்தானைக் கழட்டித்தேன் சோறு ஊட்டுனா. என்னது, தெனமும் பாக்கக் கூடாதா? அதை மொதல்லயே சொல்லிருந்தா மனுசனுக்குக் கழுத்தாவது மிஞ்சிருக்கும்ல.

ரிஸ்க்குன்னா என்னன்னு எங்களுக்குப் பாடம் எடுக்காதீக. பந்தல்ல திராட்சை கொலை கொலையாக் கறுத்துத் தொங்கும். நாளைக்கு வெட்டிருவோம்னு கோட்டயத்து வேவாரி சொல்லிட்டுப் போயிருப்பாரு. ஒரு மழை போதும், பழம் பூராம் வெடிச்சுப் போகும். ஆனா நாங்க மானத்தைப் பாத்து வாய்க்கு வந்தபடி வஞ்சுக்கிருவோம், மனசு ஆறும். உங்க ஃபண்டு விழுந்தா யாரை வையிறது? உங்களையா? வைய விடுவீகளா? சரி, நல்ல மனுசன்தேன்.

வேகமா வளர்ற ஃபண்டுன்னா எந்தக் கம்பெனி? பேரு தெரியாத சின்னச் சின்னக் கம்பெனியா? கன்னுக்குட்டி துள்ளுற மாதிரித் துள்ளுமாக்கும். விழுந்தா எம்புட்டு விழும்? ஒளிக்காமச் சொல்லுங்க. பாதியா! ரெண்டு லட்சம் ஒரு லட்சமாப் போகுமா? அதை உங்க வாயாலயே சொல்றீகளே, அதுக்காக உங்களைக் கொஞ்சம் நம்பலாம். கொஞ்சந்தேன். கமிஷன் எப்படி? ஏறுனாலும் உண்டு, எறங்குனாலும் உண்டா? ஏலே, கேட்டுக்கங்கடா இதை. கோட்டயத்து வேவாரியாவது பழம் வெடிச்சா இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டாரு. நீங்க மழைக்குள்ளயும் கூடை கொண்டாருவீக போல.

நீங்க மூணு ஃபண்டு சொன்னீகள்ல? பெரிய கம்பெனி, நடுவாந்தரம், சின்னது. அதுல அந்தம்மா எதைக் கேட்டாக? சின்னதா. போன்ல அதுதேன் வேணும்னு அடிச்சுச் சொன்னாகளா? ஏன் அதுன்னு கேட்டீகளா? கேக்கலை. நல்லா யோசிச்சு எடுத்திருப்பாகன்னு நெனைச்சுக்கிட்டீக.

பூக்கட்டிப் பாத்துச்சு தம்பி. சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுல உங்களுக்குத் தெரியாது, நான் சொல்றேன். பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்திருக்கும், இல்லை கெணறு வெட்ட ரெண்டு எடம் இருக்கும், மனசு ஒரு பக்கம் நிக்காது. அப்ப ஒண்ணொண்ணுக்கு ஒரு பூன்னு நெனைச்சு, எலையில தனித்தனிப் பொட்டலமாக் கட்டி, காளியாத்தா காலடியில போட்டுருவோம். பூசாரி ஒண்ணை எடுத்துக் குடுப்பாரு. பிரிச்சா எந்தப் பூ இருக்கோ அதுதேன் ஆத்தா உத்தரவு. அந்தம்மா மல்லியைப் பெரிய கம்பெனிக்கு வச்சுச்சு. செவ்வந்தி நடுவாந்தரம். அரளி சின்னது. அரளி வந்துச்சு. அம்புட்டுத்தேன். நீங்க பக்கம் பக்கமாப் படம் வரைஞ்சு காட்டுனதெல்லாம் அங்கன செல்லாது.

இல்லை, நான் ஆத்தாவைக் கொறை சொல்லலை. மூணு பொட்டலத்தைப் போட்டா மூணுல ஒண்ணைத்தான எடுக்க முடியும்? கேக்காத கேள்விக்கு அவ எப்படிப் பதில் சொல்லுவா?

அது கெடக்கட்டும். அந்தச் சின்னக் கம்பெனி ஃபண்டுல போட்டா எத்தனை வருசம் தொடாம விடணும்? ஏழா? எட்டுன்னா இன்னும் நல்லதா? நடுவுல அவசரம்னா? எடுத்துக்கிறலாம், ஆனா அன்னைக்கு எறங்கிக் கெடந்தா கிடைச்சது லாபம். ம். ஏழு வருசம்.

அது வரைக்கும் அவ இருக்கணும்ல.

‘அவ’ன்னா சொன்னேன்? சரி விடுங்க, நாப்பது வருசமா அப்படித்தேன் சொல்லிப் பழக்கம். புருசன்தேன் தம்பி. ஒச்சாண்டி எம்பேரு. டம்ளரை வைக்காதீக, ஒக்காருங்க. வழி சொல்லாமயா போயிருவேன்?

நெஞ்சுக்குள்ள வால்வு ஒண்ணு சுருங்கிப் போச்சாம். மாத்திறணும், தள்ளிப் போடாதீகன்னு மதுரை ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குக் கழிச்சது போக மீதியைக் கையில இருந்து கட்டணும். அதுக்கு அவ காசு சரியா இருக்கும். எங்கிட்ட ஏது? இவ என்ன சொல்றா தெரியுமா? இந்த ஒடம்புல கொண்டுபோயிப் போட்டா என்ன வளரப் போகுது, பேத்திக்குன்னு ஃபண்டுல போட்டா அது காலேஜி போறப்ப வளர்ந்து நிக்கும்கிறா. ஒரு கொடம் தண்ணி தூக்குனா வாசப்படியில ஒக்காந்து வாயைத் தெறந்து மூச்சு வாங்குறா. என்னடீன்னா, கொடம் பெருசுங்கிறா.

நான் கோயில்லயே சொன்னேன், நாலாவதா ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு பொட்டலம் கட்டுடின்னு. மாட்டேன்னுட்டா. ஏன்னு நெனைக்கிறீக? ஆத்தா அதை எடுத்துட்டா பெறகு போயித்தேன ஆகணும். பயம் தம்பி. குக்கர்க்காரனை அடைச்சு வச்சவளுக்கு, மயக்க ஊசி போட்டா திரும்ப முழிக்க மாட்டோம்னு பயம். வெளிய சொல்ல மாட்டா, பேத்தி படிப்புங்கிறா.

காதைக் கிட்டக் கொண்டாங்க. அதனால நீங்க போயி, அந்தச் சின்னக் கம்பெனி ஃபண்டுல இப்பப் புதுசா மொத்தக் காசு வாங்குறதை நிறுத்தி வச்சிருக்காகன்னு சொல்லிருங்க. என்ன முழிக்கிறீக? என்னது? நெசமாவே சில ஃபண்டுல அப்பப்ப அப்படி நிறுத்துவாகளா? அட, ஆத்தாடி! நான் இப்பத்தேன் இட்டுக்கட்டிச் சொன்னேன், அது ஊருக்குள்ள இருக்க பழக்கமா? அப்ப உங்களுக்குப் பாவம் பாதிதேன்.

மத்த ரெண்டுல போடுன்னு மட்டும் வாயைத் தொறந்துறாதீக. ஆத்தா சொன்னது கெடைக்கலைன்னா அவ வேற எதையும் தொட மாட்டா, மறுபடியும் பூக்கட்டத்தேன் போவா. இந்தத் தடவை நாலு பொட்டலம் கட்டச் சொல்லி நான் ஒரு ஆட்டம் ஆடிருவேன். நாலையும் நானே கட்டுவேன். நாலுக்குள்ளயும் ஒரே பூதேன், அது எதுக்குன்னு பூசாரிக்கும் எனக்கும் தெரியும். ஆத்தாவுக்கும் தெரியும், அவ கண்டுக்கிற மாட்டா.

உங்க கமிஷன் போகுதேன்னு நெனைக்காதீக. அவ எந்திரிச்சு நடமாடட்டும், எங்கிட்ட ஒரு கறவை மாடு இருக்கு, அதை வித்து நானே வந்து உங்ககிட்டத் துள்ளுற ஃபண்டுல போடுறேன்.

வீடு இந்தா, டீக்கடைக்குப் பின்னாடி சந்துல மொத வீடு, நீலக் கேட்டு. நீங்க முன்னால போங்க. கொஞ்சம் கழிச்சு நான் பால் வாங்கிட்டு வர்ற மாதிரி வருவேன். யாருய்யா நீ, எதுக்கு எம்பொண்டாட்டிகிட்டக் காசு கேக்குறன்னு மொறைச்சு நாலு வார்த்தை வைவேன். தாங்கிக்கங்க. என்னை எங்கயும் பாத்ததாக் காட்டிக்கிறாதீக தம்பி. ஃபண்டை மூடிட்டாகன்னு நீங்களாச் சொன்னதா இருக்கட்டும், சொல்லிக் குடுத்தது யாருன்னு உங்க சாமிகிட்டக் கூட மூச்சு விட்டுறாதீக.