நான்கு போல்ட்

பெட்டிக்குள் பலகைகளாக வந்து, வீட்டில் வைத்துத் திருகிச் சேர்க்கும் அலமாரிகளைப் பற்றி எல்லோரும் மட்டமாகப் பேசுகிறார்கள், ஐயா. அது சரியல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் போக்குத் தெரிந்து பலப்படுத்தினால் ஆயுசுக்கும் அசையாது. பதினேழு வருடமாக வீடு வீடாகப் போய் இந்த வேலையைத்தான் செய்கிறேன். குறை சொல்லி ஒருவர்கூட என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

என் தங்கையின் புருஷன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீட்டுப் பின்னறைதான் அவருக்குப் பட்டறை. ரிப்பேருக்கு வந்த தண்ணீர் மோட்டார்கள் தரையெல்லாம் கிடக்கும். ஒவ்வொன்றும் இருபது கிலோ, முப்பது கிலோ. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அடுக்க ஒரு அலமாரி வேண்டும் என்று கேட்டார். ஆளுயரத்துக்கு மேலேயே ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். தட்டுகளைத் தாங்க அதோடு வந்த பிளாஸ்டிக் முளைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் மூன்று பக்கம் மரச்சட்டம் கொடுத்தேன். முதுகில் இருந்த அட்டையைக் கழற்றிவிட்டு பிளைவுட் அடித்தேன். உச்சியில் ஓர் இரும்புப் பட்டை வைத்து, நான்கு நீளமான போல்ட்டுகளால் சுவரோடு பிடித்தேன். தங்கைதான் நான் ஏறியிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பாரமான மோட்டார்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்துத் தங்கை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். தட்டு சரிந்து கையில் விழுந்துவிட்டதாம். மறுநாளே போய் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் தட்டுகளுக்கு நடுவே முட்டுக்கட்டை நிறுத்தினேன். அடுத்த வருடம் புருவத்தில் ஆறு தையல். மேலேயிருந்து மோட்டார் உருண்டுவிட்டது என்றாள். தட்டுகளின் முன்விளிம்பில் இரண்டங்குலத் தடுப்புப் பட்டை அடித்தேன். இந்த வருடம் இடது காது கேட்காமல் போய்விட்டது. டாக்டரிடமும் அலமாரி என்றே சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தடவை நான் ரசமட்டத்தை வெளியே எடுக்கவேயில்லை. கீழ்த்தட்டு மோட்டார் ஒன்றின் விளிம்பில் நாலைந்து நீளமான முடிகள் காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டில் இருப்பது எப்படித் தலையில் விழும்? மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை.

"உங்க அலமாரிதான் மச்சான் விழுந்துச்சு. வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கணும்."

நான் கோபப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தோடு செய்கிற வேலை கோணலாகத்தான் வரும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, தங்கை தையல் கம்பெனிக்குக் கிளம்பி, அவர் கடைத்தெருவுக்குப் போன பிறகு, தங்கை என்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். நான்கு போல்ட்டையும் கழற்றினேன். அந்த ஓட்டைகளில் சுவர்ப் பூச்சைக்கூடத் தாண்டாத குட்டை ஸ்க்ரூக்களை வைத்தேன். பாரமான மோட்டார்களை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றினேன். அலமாரி முன்னால் சாயும்படி பின்பக்கம் அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகினேன். பிறகு கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் வந்தவர், மறுபடியும் ரிப்பேரா என்று சிரித்தார். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய நீல மோட்டாரைத் தேடினார். மேல்தட்டில் வைத்திருக்கிறேன் என்றேன். தடுப்புப் பட்டை இருப்பதால் மோட்டாரைப் பலமாக இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கையாலும் இழுத்தார்.

இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். மார்புக்குக் கீழே ஒரு கால் தவிர எல்லாம் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நான் குனிந்து முதலில் அலமாரியைப் பார்த்தேன். ஒரு மூலைகூடப் பிரியவில்லை. ஒரு சட்டம் விரியவில்லை.

"தூக்குங்க மச்சான்," என்றார். குரல் அவ்வளவாக வரவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மணிக்கட்டு எப்படி உடைந்தது என்று கேட்டேன். புருவத்தைப் பற்றிக் கேட்டேன். காதைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாக நேரம் கொடுத்தேன். வாயில் ரத்தம் வந்தாலும் பதில் தெளிவாகத்தான் இருந்தது.

"அலமாரி விழல... நான்தான். நான்தான் அடிச்சேன். இனிமே தொட மாட்டேன்."

எனக்கு அது போதும். நீல மோட்டார் உருண்டுபோய்ச் சுவரோரம் கிடந்தது. அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, கையை விட்டேன். முதல் தடவை தாடையில் பட்டுவிட்டது. இரண்டாம் தடவை சரியாக விழுந்தது. ஆப்புகளையும் போல்ட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்து விபத்து என்று எழுதினார்கள். யார் மேலும் வழக்கு இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, என் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு என் காலைப் பிடித்தாள்.

"நீ நீட்டு போல்ட் போட்டது எனக்குத் தெரியும்ணா. ஸ்டூலைப் பிடிச்சவ நான்தானே. போகட்டும், யார்கிட்டயும் எதையும் சொல்லாத. அலமாரிய நீ சரியா மாட்டலன்னே இருக்கட்டும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மூன்று நாள் யோசித்தேன். இன்று காலை கிளம்பும்போதும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அழுவது இங்கேவரைக்கும் கேட்கிறது. அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன், ஐயா. போகப் போக அவளுக்கே புரியும். நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், அந்த அறிக்கையில் 'சரியாகப் பொருத்தப்படாத அலமாரி' என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள்.