கூரைமேல் எறிந்த நாலு பல்

— அப்ப எட்டு நாளா எம்புள்ளைக்கு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் குடுத்தது நீங்கதானா, சின்னதுரை அண்ணே?

— பின்ன? இந்தத் தெருவுக்குக் கடைன்னு நான் ஒருத்தன்தானே. "மணிமொழி மவன் கேட்டா குடுத்துடுங்க"ன்னு சொல்லி வச்சவளே நீதான். மத்தியானம் மில்லுல சங்கு ஊதுனா போதும், வந்து கையை நீட்டிடறான். கேட்டியா, இத்தினியூண்டு பய, வுட்டா எறையூர் ஏரியையே ஒரே உறிஞ்சுல காலி பண்ணிடுவான்.

— அது முன்ன சொன்னதுண்ணே. கரும்பு வெட்டப் போனா தூளியில அழுவாம கெடக்கட்டும்னு பாட்டிலை வாயில வச்சுட்டுப் போவேன். அதுதான் பல்லைத் தின்னுடுச்சுன்னு பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. மேல் முன்பல்லு நாலும் கரிக்கட்டை. புடுங்கி எட்டு நாளாச்சு. மிச்சத்தையாவது காப்பாத்தணும்னா இனிமே வெறுந்தண்ணிதான்னாங்க.

— பால்பல்லுதானே, மொளைச்சுட்டுப் போவுது. கேட்டியா, எனக்கெல்லாம் மூணு தரம் மொளைச்சுது.

— மூணு வயசுதாண்ணே ஆவுது. புதுசு வர இன்னும் நாலு வருசம் ஆவுமாம். சீக்கிரம் மொளைக்கட்டும்னு நாலையும் சாணியில உருட்டிக் கூரைமேல எறிஞ்சேன்.

— எறிஞ்சது பலிச்சுடுச்சு போ. நேத்து இங்க நின்னு சிரிச்சானே, முன்பல்லு நாலும் கன்னங்கரேல்னு இருந்துச்சு. பாட்டில் மூடியை அதாலதான் கடிச்சுத் தொறந்தான். இடுக்குல சாணி வேற. பல்லு வெளக்கி வுடாம அனுப்புறாளேன்னு உன்னைத்தான் வஞ்சேன்.

— வெளையாடாதீங்கண்ணே.

— ஊதிப் பேசுறவன்தான் நான். இதுல ஒரு சொட்டுகூடக் கலக்கல.

— நேத்து மத்தியானம் எம்புள்ள சுதர்சன் எங்கூட வயக்காட்டுல இருந்தான். எட்டு நாளா அவனை இடுப்பை வுட்டு எறக்கல.

— அப்ப எங்கடைக்கு வந்தது யாரு?

— எறும்பு சாரை சாரையா செவுத்துல ஏறுதேன்னு காலையில ஏணி வச்சுப் பார்த்தேன். கூரைமேல எட்டு காலி பாட்டில். நான் எறிஞ்ச சாணி உருண்டை நாலும் ஒடைஞ்சு கெடக்கு. உள்ள பல்லு இல்ல.

— புள்ளையை இங்க காட்டு. சுதா, மாமாவுக்கு வாயைத் தொற சாமி... ஆமாம்மா. மேல வெறும் ஈறுதான் இருக்கு.

— நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அவன் வாயாலயே கேளுங்க. காலையிலேர்ந்து கூரையைப் பார்த்துக் கையாட்டிக்கிட்டே இருக்கான். சொல்லுடா கண்ணு, மேல யாரு?

— இன்னொரு சுதா.

— மேல இருக்கிறவன் என்னடா சொல்றான்?

— பாத்தில் தாரேன்னான். மித்தப் பல்லும் வேணுமாம்.

— சங்கு ஊதிடுச்சு, மணிமொழி. கடையைச் சாத்தப் போறேன். புள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள வா.

— இருங்கண்ணே. நீ என்னடா சொன்ன, சுதா?

— சரின்னுத்தேன்.